அக்காவிடம் கேளுங்கள்: ஆச்சியும் அவள் பிடியரிசியும்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, தாராவியில் எங்கள் ஆச்சி விடியற்காலை குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே ஜெபம் பண்ணுவாள் என்று போகிறபோக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அம்மா, பாட்டி, கோயில் (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்), ஜெபம். சொசைட்டி சண்டை, மாமியார் சண்டை பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டை எங்கேயும் ஓடிப்போகாது.

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் மும்பைதான். கணவர் மராத்தி, இந்துக் குடும்பம், ரிஜிஸ்டர் கல்யாணம். என்னைக் கோயிலுக்குப் போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, கூட வந்ததும் இல்லை. மகன் பன்னிரண்டு வயது வரை என்னோடு வந்தான். இப்போது 17. "எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா, கூப்பிடாதே" என்கிறான். என் அம்மா மாட்டுங்காவிலிருந்து ஃபோன் பண்ணி, "உன் பாட்டி முழங்கால் தேய ஜெபம் பண்ணின குடும்பம், உன்னோட அறுந்து போச்சு" என்று அழுகிறார். தப்பு என் மேலா? (பெயர் வேண்டாம், செம்பூர்)

பதில்: தங்கச்சி, தப்பு யார் மேல் என்று அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் அம்மாவை வேதாகமத்தில் இரண்டாம் தீமோத்தேயு முதல் அதிகாரம் ஐந்தாம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாகவே சொல்லுவார். அன்னையர் தினம் வந்தால் நம் ஐயர்மார், அதாவது சர்ச் போதகர்கள், தவறாமல் எடுக்கிற வசனம் அது. பாட்டி லோவிசாளுக்குள்ளும் அம்மா ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறது என்று அப்போஸ்தலர் பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். வேதாகமம் முழுக்கத் தேடினாலும் அந்த இரண்டு பெண்களின் பெயர் இந்த ஒரே வசனத்தில்தான் வருகிறது. பாட்டி என்பதற்குக் கிரேக்கத்தில் அங்கே இருக்கிற சொல் 'மம்மே', குழந்தை வாயில் பிறந்த சொல். புதிய ஏற்பாட்டில் வேறு எங்கும் அந்தச் சொல்லும் இல்லை.

பிரசங்கத்தில் இதோடு விட்டுவிடுவார்கள். விட்டுப்போகிற பாதிதான் உங்களுக்கு வேண்டியது. அப்போஸ்தலர் 16-ஐத் திருப்பிப் பாருங்கள். தீமோத்தேயுவின் அம்மா விசுவாசியான யூதப் பெண், அப்பா கிரேக்கர். ஊர் லீஸ்திரா, இப்போது துருக்கியில் வருகிறது. யூத வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனம் (சுன்னத்). இந்தப் பையனுக்கு அது நடக்கவில்லை, வளர்ந்து ஆளான பிறகு பவுல்தான் செய்துவைக்கிறார். அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அப்பா கூடாது என்றிருக்கலாம், அம்மா சண்டை போட்டுத் தோற்றிருக்கலாம், சண்டையே வேண்டாமென்று விட்டிருக்கலாம். எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே வேத எழுத்துகள் உனக்குத் தெரியும் என்று அதே கடிதத்தின் மூன்றாம் அதிகாரம் தீமோத்தேயுவிடம் சொல்கிறது. உங்கள் அம்மா எந்த மாதிரிக் குடும்பத்தை அறுந்துபோன குடும்பம் என்கிறாரோ, கிட்டத்தட்ட அந்த மாதிரிக் குடும்பத்தைத்தான் பவுல் பேர் சொல்லி நினைத்துப் பார்க்கிறார்.

அம்மா அதற்கும் மசியவில்லை என்றால் மோனிக்காவின் கதையைச் சொல்லுங்கள். வட ஆப்பிரிக்கா, இன்றைய அல்ஜீரியப் பக்கம். புருஷன் முன்கோபக்காரர், வாழ்க்கையின் கடைசிக் காலத்தில்தான் கிறிஸ்தவரானார். மகன் அகுஸ்தீன் பெரிய படிப்பாளி, அம்மாவின் மார்க்கத்தை விட்டு வேறு கூட்டத்தோடு போய்விட்டான். இவள் ஒரு பிஷப்பைப் பிடித்துக்கொண்டு, என் பையனிடம் நீங்கள் பேசுங்கள், நாலு வார்த்தை சொல்லித் திருத்துங்கள் என்று நச்சரிக்கிறாள். அவர் மாட்டேன் என்கிறார். இப்போது அவன் காதில் எதுவும் ஏறாது, விட்டுவிடு, ஜெபம் மட்டும் பண்ணு, படித்துப் படித்து அவனே கண்டுகொள்வான் என்கிறார். அவள் விடவில்லை. கடைசியில் அவருக்கே அலுத்துப்போய், போம்மா, இத்தனை கண்ணீருக்குப் பிறந்த பிள்ளை வீணாய்ப் போகாது என்று அனுப்பிவைக்கிறார். அதற்குப் பிறகாவது பையன் திரும்பினானா என்றால், இல்லை. 383-ல் ரோமாபுரிக்குக் கப்பல் ஏற, சிநேகிதனை வழியனுப்பப் போகிறேன் என்று அம்மாவிடமே பொய் சொல்லி, அவள் கடற்கரைப் பக்கத்து ஜெபக்கூடத்தில் ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருக்கும்போது கம்பி நீட்டிவிட்டான். 387 ஈஸ்டரில் மிலான் நகரத்தில் ஞானஸ்நானம் எடுத்தபோது அவனுக்கு 32 வயது. அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில் மோனிக்கா இறந்துபோனாள். இதெல்லாம் அவனே பிற்பாடு எழுதிவைத்தது. உங்கள் பையனுக்கு 17 தான் ஆகிறது, அதுவும் பொய் சொல்லாமல் நேராகச் சொல்லியிருக்கிறான். அந்த வகையில் மோனிக்காவைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆச்சிக்கு ஊர் திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற நாசரேத் பக்கம். தாராவியில் எங்கள் சாலுக்கு (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பு) காலை நாலரைக்குத் தண்ணீர் வரும், ஒரு மணி நேரம்தான். டிரம்மில் குழாயைச் சொருகிவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சத்தமாகவே ஜெபம் பண்ணுவாள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஊரில் இருக்கும் தங்கச்சி, கடன் வாங்கித் திருப்பித் தராத கடைக்காரன், எல்லாரும் வரிசையாக வருவார்கள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கணக்குப் பாடத்துல புத்தி குடும்... ஏட்டி, அந்தக் குடம் நிறைஞ்சிட்டா பாரு... புத்தி குடும் ஆண்டவரே." தூக்கம் கலையாமல் குடம் மாற்றிக்கொண்டிருந்த எனக்கு, என் பெயர் எப்போது வரும் என்பது தெரியும். சித்தப்பாவுக்கு அப்புறம், அண்ணனுக்கு முன்னால்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் நான்தான் வேதம் வாசிக்க வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான் எழுத்துக் கூட்டக் கற்றது பாதி, ஆச்சிக்குப் படித்துக்காட்டி வந்தது பாதி. அலுத்துப்போய் ஒரு வரியைத் தாண்டினால், கண்ணை மூடிக்கொண்டே "ஒரு வரி விட்டுட்ட" என்பாள். எழுத்தே தெரியாதவளுக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? முப்பது நாற்பது வருஷம் காதால் கேட்டது.

எனக்கு விசுவாசம் வர வேண்டும் என்று திட்டம் போட்டு அவள் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அவளுக்குப் படித்துக்காட்ட ஆள் வேண்டியிருந்தது, குடம் மாற்ற ஆள் வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். உங்கள் மகனைக் கோயிலுக்குக் கூப்பிடாதீர்கள், வேலைக்குக் கூப்பிடுங்கள். "பாட்டியை ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா, ஆராதனை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லுங்கள். உள்ளே போக வேண்டாம், வெளியே நின்று ஃபோன் பார்க்கட்டும். தாதர் ஸ்டேஷன் படியில் ஒரு கிழவியின் கையைப் பிடித்து ஏற்றிவிடுவதற்கு நம்பிக்கை ஒன்றும் தேவையில்லை. அப்புறம், நீங்கள் ஜெபிப்பதை உங்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறீர்களா? வீட்டில் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று நம்மில் நிறையப்பேர் அப்படிப் பழகிவிட்டோம். கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், அவன் பெயர் வருகிற இடம் அவன் காதில் விழட்டும்.

கட்டாயம் திரும்பி வருவான் என்று நான் எழுதித் தர மாட்டேன். என் அண்ணன் கோயிலுக்குள் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இனி போவான் என்றும் தோன்றவில்லை. ஆனால் சம்பளம் வந்ததும் முதலில் கடனைக் கொடுத்துவிடுவான். ஏண்ணே என்று கேட்டால், "ஆச்சி ஜெபத்துல அந்தக் கடைக்காரன் வந்த மாதிரி நான் யார் ஜெபத்துலயும் வரக்கூடாது" என்கிறான். இதை விசுவாசக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று நானும் அவனும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிப் பாட்டி ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுகிறார். அவர்கள் கிறிஸ்தவர்கள். இது என்ன சடங்கு? (வாசகி, முலுண்ட்)

பதில்: சடங்கு இல்லைம்மா, பிடியரிசி. கையில் காசு புழங்காத பெண்கள் கண்டுபிடித்த காணிக்கை. சமைக்க அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி ஆண்டவருக்கு. டப்பா நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். எங்கள் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள், ஏலப் பணம் கோயில் வேலைக்கும் ஏழைகளுக்கும் போகும்.

1982 ஜனவரியில் துணி மில் வேலைநிறுத்தம் தொடங்கியது இந்த ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை, அதில் எங்கள் அப்பாவும் ஒருவர். ஐந்தாறு மாதம் போனதும் ரேஷன் அரிசி வாங்குவதே பெரும்பாடு. ஒருநாள் ஆச்சி வழக்கம்போல டப்பாவைத் திறக்க, அம்மாவுக்கு வந்ததே கோபம். "இருக்கிறதே ரெண்டு உழக்கு, அதுலயும் ஒரு பிடியா? உங்க ஆண்டவருக்குக் கண்ணு இல்லையா?" என்று கத்திவிட்டாள். அதற்கு முன்னும் பின்னும் மாமியாரிடம் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆச்சி பதில் சொல்லவில்லை. பிடித்திருந்த பிடியை அப்படியே பானையில் திரும்பக் கொட்டினாள். அப்புறம் மூன்று விரலால் ஒரு சிட்டிகை, உப்புப் போடுகிற மாதிரி, எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள். வேலை நின்றிருந்த காலம் முழுக்க அந்தச் சிட்டிகைதான். எண்ணினால் இருபது அரிசி தேறாது.

அந்த வருஷம் எங்கள் கோயிலில் பிடியரிசியை ஏலம் விடாமல் வேலையில்லாத வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஆச்சிக்கு அதை வாங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அம்மா போய் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த அரிசியில் உலை வைக்கும்போது, டப்பாவைத் திறந்து மூன்று விரல் போட்டது அம்மா.

கேள்வி: பாட்டி என்றாலே எல்லோரும் தேவதையாக்கிவிடுகிறீர்கள். உங்கள் ஆச்சியிடம் குறையே இல்லையா? (வாசகர், மீரா ரோடு)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் ஒரு அலுமினியத் தம்ளர் கவிழ்ந்தே இருக்கும். மற்றதெல்லாம் எவர்சில்வர். எங்கள் கோயிலுக்கே வருகிற, எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிற ஒரு குடும்பத்துப் பெண் வந்தால், ஆச்சி அந்தத் தம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பாள். என்ன காரணமென்று நீங்களே புரிந்துகொள்வீர்கள். ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலேறி வந்தவள் இதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வேதாகமச் சங்கீதத்தைத் தந்த அதே கையால்தான் இதையும் எங்களுக்குத் தந்தாள், நானும் கேள்வி கேட்காமல் அந்தத் தம்ளரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

யோவான் நாலாம் அதிகாரம் தெரியுமா? இயேசு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார், யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லையே என்று அவளே ஆச்சரியப்படுகிறாள். அந்த அதிகாரத்தை ஆச்சிக்கு எத்தனை தடவை படித்துக் காட்டியிருப்பேன்! எதிரில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்கு விழாதது அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு விழுந்திருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் அம்மா ஒன்றும் பேசாமல் அந்த அலுமினியத் தம்ளரைக் கழுவி, அதில் காபி ஊற்றி, ஆச்சியிடம் நீட்டினாள். ஆச்சி தம்ளரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். மறுநாளிலிருந்து அது டிரம்மில் தண்ணீர் மொள்ளும் தம்ளர் ஆகிவிட்டது. ஆச்சி மனசு மாறினாளா, மருமகளிடம் தோற்றதை ஒப்புக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. லோவிசாளை ஐனிக்கேயாள் எங்கேயாவது திருத்தியிருப்பாள் என்று நான் நினைப்பதற்கு அந்தத் தம்ளர்தான் காரணம்.

கேள்வி: எப்போதும் அம்மா, பாட்டி. அப்பாக்களுக்கு இதில் இடமே கிடையாதா? (வாசகர், சயான் கோலிவாடா)

பதில்: உண்டு. எங்கள் அப்பா மாதம் ஒருமுறை ஆச்சியின் பிடியரிசிப் பையைத் தோளில் வைத்துக் கோயில் வரை தூக்கிக்கொண்டு வருவார், உள்ளே வர மாட்டார். ஆராதனை முடிகிற வரை எதிர்ப்பக்கத்துச் சுவர் ஓரம் பீடி குடித்துக்கொண்டு நிற்பார். பாட்டு சத்தம் கேட்டால் கால் தாளம் போடும். செம்பூர்த் தங்கச்சிக்கு நான் சொன்ன யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

கேள்வி: அம்மா, எனக்கு 68 வயது. என் தாயாரின் தமிழ் வேதாகமம் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் நனைந்துபோனது. காயவைத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது அட்டை கழன்று, தாள்கள் உதிர்கின்றன. ஓரமெல்லாம் அம்மாவின் கையெழுத்து. பைண்டிங்குக்குக் கொடுக்கலாமா? கொடுத்தும் யாருக்கு? பன்னிரண்டு வயதுப் பேத்தி தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. (வாசகர், குர்லா)

பதில்: ஐயா, அன்றைக்கு சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவில் தரைத்தளத்தில் இருந்த வீடுகளில் என்ன மிஞ்சியது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு புத்தகத்தைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்றால் அதுவே பெரிய காரியம்.

பைண்டிங் பண்ணலாம், ஆனால் கடைக்காரரிடம் ஓரம் வெட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தாள்களைச் சமப்படுத்த மூன்று பக்கமும் மெஷினில் கொடுத்துச் சீவிவிடுவார்கள், உங்கள் தாயாரின் கையெழுத்து குப்பைக்குப் போய்விடும். அவர் முடியாது என்றால் பைண்டிங்கே வேண்டாம், நல்ல அட்டைப்பெட்டியில் வையுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகித் தாளையும் சேர்த்துக் கெடுக்கும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காதீர்கள், உள்ளே பூஞ்சை பிடிக்கும். கொடுப்பதற்கு முன்னால் எழுத்து இருக்கிற எல்லாப் பக்கத்தையும் பேத்தியை விட்டே ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்து வெள்ளைத் தாளைத் தவறவிடாதீர்கள். யார் எப்போது பிறந்தார்கள், எப்போது ஞானஸ்நானம் என்று பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருப்பார்கள், ஒருவேளை உங்கள் பெயரும் இருக்கும்.

பேத்தி விஷயம். மும்பைப் பிள்ளை, பள்ளியில் மராத்தி படிப்பாள் அல்லவா? தேவநாகரியில் எழுதிக் கொடுங்கள். மராத்தியில் ளகரம் இருக்கிறது, அதனால் நம் தமிழ் முக்கால்வாசி அதில் உட்கார்ந்துவிடும். குறில் எ, குறில் ஒ கொஞ்சம் மக்கர் பண்ணும், அதை வாயால் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். ஆர்வக்கோளாறில் 119-ஆம் சங்கீதத்தை நீட்டிவிடாதீர்கள், 176 வசனம், பிள்ளை ஓடிவிடும். 117-இல் ஆரம்பியுங்கள். இரண்டே வசனம், ஒரு ழகரம்கூட இல்லை, ளகரம் நிறைய. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தாத்தாவுக்குக் கண்ணு தெரியலைடா, படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். ஒரு வரி விட்டால் சொல்லுங்கள்.

அது பழகியதும் 23-க்குப் போங்கள். முதல் வரியிலேயே 'தாழ்ச்சியடையேன்' வரும். அந்த ழகரத்தை மராத்தியில் அவளுக்கு எழுதிக் காட்ட முடியாது, நாக்கை மடித்து நீங்கள்தான் சொல்லிக் காட்ட வேண்டும்.